ஒன்பதாம் நம்பர் வீட்டுச் சுத்தம்

வாரம் ஒரு முறை எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாக்கடையைப் பார்க்க சுகாதார இன்ஸ்பெக்டர் வருகிறார். மலாக்காப் பட்டணத்து யூரேசிய இளைஞர். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, கையில் ஒரு பிரம்பு. சாக்கடைத் தண்ணீரைப் பிரம்பால் கிளறி, கொசுப்புழு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்து, "கிளீன் லா, மிஸ்டர்" என்பார். எனக்கு அடுத்த வளவில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் பங்களா எடுத்துக் குடியிருக்கிறார். என் வீட்டைத் தாண்டிய சாக்கடை நேராக அங்கேதான் போகிறது. அங்கே போய் அதே தண்ணீரை அதே பிரம்பால் கிளறிவிட்டு, "இம்மாகுலேட், டாக்டர்" என்பார். மாசு மருவற்றது என்று பொருள். நான் பாத்திரம் கழுவிவிட்ட தண்ணீர் ஒரு வேலியைத் தாண்டியதும் இவ்வளவு உயர்ந்த நிலையை அடைவதைக் காலைக் காப்பியோடு பார்த்துக்கொண்டு நிற்பது, ஓய்வு பெற்றவனுக்குக் கிடைத்த சில பொழுதுபோக்குகளில் ஒன்று.

ஊரிலிருக்கும் வாசகர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். இங்கே தோட்டங்களில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். அலோர் காஜாவுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பெரிய கிராணியாகி, போன வருடம் ஓய்வு பெற்றேன். தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. வெள்ளைக்காரத் துரைமார்கள் ஐந்து பேருக்கு நான் அறிக்கை தட்டச்சு செய்திருக்கிறேன். ஆட்கள் மாறினார்கள், சொற்கள் மாறவில்லை. 'ஸ்பாட்லெஸ்' என்பது புகைக்கூட்டில் உலர்ந்து வரும் ரப்பர் ஷீட்டுக்கு உரியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பட்டைத் துணுக்கு ஒன்றுகூட இல்லையென்றால் அந்தச் சொல். 'இம்மாகுலேட்' துரையின் புல்வெளிக்கும் துரைசாணியின் மேசைத்துணிக்கும். 'பெர்ஃபெக்ட்' என்பதைத் தேநீர் சரியான சூட்டில் வந்தாலே சொல்லிவிடுவார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு ஒரே சொல்தான், 'சாட்டிஸ்ஃபாக்டரி'. போதுமானது. வேலைக்கு வந்த புதிதில், கம்பெனியிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்று லயத்துப் பெண்கள் இரண்டு நாள் தேய்த்துக் கழுவினார்கள். பார்த்த எனக்கு மனம் பொங்கி, அறிக்கையில் லயங்கள் 'ஸ்பாட்லெஸ்' என்று அடித்துவிட்டேன். துரை சிவப்புப் பென்சிலால் அதை அடித்து, மேலே 'சாட்டிஸ்ஃபாக்டரி' என்று எழுதினார். கோபமே இல்லை. "அப்படி எழுதுவதில்லை, கிராணி" என்று மட்டும் சொன்னார். எது எழுதப்படும், எது எழுதப்படாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதன்பின் பிழையே செய்ததில்லை.

கும்பகோணத்தில் படித்தபோது இந்தச் சொற்களையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். எந்தச் சொல் யாருக்கு என்று வாத்தியார் சொல்லித்தரவில்லை. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் நம் ஊரைப் பற்றிப் பெருமையாக ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நம்மிடம் சுத்தம் என்று ஒரே சொல்தான் இருந்தது. அதற்குள் யார் வரலாம், யார் கிணற்றுக்கு எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்பதற்கு நம்மிடம் இருந்த அளவுகோல் எந்தத் துரையிடமும் இல்லை. அவன் சொல்லை மாற்றுகிறான். நாம் ஆளையே தள்ளி நிறுத்துகிறோம். இதை என் தம்பிக்கு ஒரு தடவை எழுதினேன். அவன் பதிலில் இதைத் தொடவேயில்லை. அங்கே துப்பாக்கிச் சண்டை என்று பத்திரிகையில் போடுகிறார்களே, எப்போது புறப்பட்டு வரப்போகிறாய் என்று மட்டும் கேட்டிருந்தான்.

துப்பாக்கிச் சண்டை இருந்தது உண்மைதான். இந்த அவசரகாலத்தில் இங்கே முதலில் மாறியது அரிசி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு லயத்திலிருந்து சோறு போய்விடும் என்று, லயங்களை ஒரே இடத்தில் நெருக்கி வைத்துச் சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். அரிசி அளந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தோட்டத்துச் செலவில் ஒரு தகர டின், அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் வீட்டு நம்பர். வேலி வாசலைத் தாண்டி ஒரு பிடி அரிசி வெளியே போகக்கூடாது. காலையில் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோக முடியாது. வேலை முடியும் வரை வெறும் வயிறுதான். வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார்கள். குறைந்தால் கேள்வி. பதில் சரியில்லையென்றால் லாக்கப். அதற்குமேலும் சரியில்லையென்றால் கப்பலேற்றி இந்தியாவுக்கு. 'வீட்டுக்கு அனுப்புகிறோம்' என்பது அவர்கள் அதற்கு வைத்திருந்த பெயர்.

ஒன்பதாம் நம்பர் வீட்டில் மாரிமுத்துவும் அவன் மனைவி அஞ்சலையும் இருந்தார்கள். இருவரும் மரம் வெட்டுகிறவர்கள். பிள்ளை இல்லை. அஞ்சலைக்குச் சுத்தம் ஒரு வியாதி என்று லயத்தில் கேலி பேசுவார்கள். அவள் வாசல் தெளித்தால் அடுத்த இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தெளிப்பாள். அவள் மஞ்சள் காமாலையில் படுத்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முறையாக நடந்தது. வாசகர்களுக்குத் தெரியும், அன்றைக்கு வீட்டில் பழையது எதுவும் தங்கக்கூடாது. மண்சட்டிகளை உடைத்தார்கள். அடுப்பை இடித்து அள்ளினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அவள் சேலை, பாய், தலையணை எல்லாம் லயத்து வண்ணான் சடையனுக்குப் போயின. முதல்நாள்தான் வாங்கிய வார அரிசியையும் மாரிமுத்து டின்னோடு தூக்கி அவனுக்கே கொடுத்துவிட்டான். அஞ்சலை கைவைத்துப் புழங்கிய டின் அது. அதை வீட்டில் வைத்துக்கொள்ள அவனுக்கு மனமில்லை. புதுச்சட்டி சந்தை நாளன்று வாங்கிக்கொள்ளலாம், அதுவரை அடுத்த வீட்டுப் பாக்கியம் சோறு போடுவாள் என்று ஏற்பாடு.

மறுநாள் காலை சோதனை வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்து சில மாதமே ஆன ஒரு இளம் போலீஸ் அதிகாரி. கூட கார்ப்பரல் ஹசான், உம்பாய்ப் பக்கத்து மலாய்க்காரர், நடுவயது. மொழிபெயர்க்க நான். எட்டாம் நம்பர் வீட்டில் அழுக்குத் துணி, கருகிய சட்டி, கோழி எச்சம், பாதி டின் அரிசி. அதிகாரி மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "சாட்டிஸ்ஃபாக்டரி" என்றார். ஒன்பதாம் நம்பர் வாசலில் நின்றதும் அவர் முகம் மாறியது. வெள்ளைச் சுவர், கழுவிய தரை, ஒரு மூலையில் அணைந்த விளக்கு. வேறு ஒன்றுமே இல்லை.

"ஸ்பாட்லெஸ்" என்றார்.

முப்பது வருடத்தில் லயத்து வீடு ஒன்றுக்கு ஒரு வெள்ளைக்காரர் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டது அன்றுதான். நான் பெருமைப்பட நேரம் இருக்கவில்லை. அவர் கை இடுப்புத் துப்பாக்கி உறைக்குப் போயிருந்தது.

"இந்த வீட்டுக்காரன் எங்கே ஓடத் தயாராகிறான்?"

"ஓடவில்லை, சார். மனைவி இறந்துவிட்டாள். நேற்று காரியம்."

"இறந்து எத்தனை நாள்?"

"பதினாறு."

"பதினாறு நாள் கழித்து வீட்டைக் காலிசெய்வானேன்? அரிசி முந்தாநாள் வாங்கியிருக்கிறான். எங்கே?"

நான் சொன்னேன். தீட்டு என்பதற்கு நான் படித்த ஆங்கிலத்தில் பொருத்தமான சொல் ஒன்றும் கிடைக்கவில்லை. அசுத்தம் என்று சொல்லிவைத்தேன். அவர் வெள்ளைச் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுவா அசுத்தம்?" என்றார். கார்ப்பரல் ஹசான் மெதுவாகக் குறுக்கிட்டு, "கெண்டுரியா, கிராணி?" என்று என்னிடம் கேட்டார். செத்தவர்களுக்காக மலாய் வீடுகளில் போடும் விருந்து. ஏறக்குறைய அதுதான் என்றேன். அவர் அதை அதிகாரிக்குச் சொன்னார். "விருந்து என்றால் மிச்சம் இருக்குமே" என்றார் அதிகாரி. அந்த வாதத்தில் ஓட்டை ஒன்றும் இல்லை.

மாரிமுத்துவைப் பிடித்து நிறுத்திவைத்து, சடையனைக் கூப்பிட்டார்கள். துப்பாக்கிகளைப் பார்த்தான். "அரிசியா? எனக்கு யாரு சாமி அரிசி குடுத்தா? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றான். மாரிமுத்து அவனைத் திரும்பிப் பார்த்தான். லாரியில் ஏறும்போது பாக்கியத்திடம், "வெளக்குக்கு எண்ண ஊத்திடுக்கா" என்று மட்டும் சொன்னான்.

இந்த மாதிரிக் காரியங்களில் எது முதலில், எது பின்னால் என்று எனக்குத் தெரியும். யாருக்கு மனு, எத்தனை நகல், எந்த மேசையில் தூங்கும், யாரைக் கேட்டால் எழும் என்பதெல்லாம் தெரியும். இந்த ஞானத்தால் என் சொந்த வாழ்க்கையில் ஒரு பயனும் இருந்ததில்லை. மறுநாளே விசாரணைக் குழுவுக்கு மனு எழுதினேன். அதோடு சேர்க்க, துரையிடமிருந்து மாரிமுத்துவின் நடத்தை பற்றி ஒரு சான்று வேண்டியிருந்தது. துரை தன் கைப்படவே எழுதித் தந்தார், 'சாட்டிஸ்ஃபாக்டரி' தொழிலாளி என்று.

"இந்தச் சொல் போதாது, சார்" என்றேன். "அந்த அதிகாரி கோழி எச்சத்துக்கே இதைத்தான் சொல்கிறார். 'இம்பெக்கபிள்' என்று போட்டால் உதவும்." குறை சொல்ல இடமில்லாதது என்று அதற்குப் பொருள்.

துரை புகையிலைக் குழாயை வாயிலிருந்து எடுத்தார். அவர் கெட்டவர் அல்ல. அஞ்சலையைச் சொந்தக் காரில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் அவர்தான். "என் சொந்தத் தம்பிக்கே நான் அந்தச் சொல்லைப் போட்டதில்லை, கிராணி" என்றார். "சாட்டிஸ்ஃபாக்டரி என்று நான் எழுதினால் அது பெரிய பாராட்டு. எங்கள் ஆட்களுக்கு அது புரியும்."

ஒரு ஆளைக் கப்பலேற்றுவதா வேண்டாமா என்பது இப்படிச் சொல் சிக்கனத்தில் வந்து நின்றது. சாயங்காலம் லாக்கப்புக்குப் போனேன். மாரிமுத்து சுவரோரம் குந்தியிருந்தான். நிலைமையை ஒளிக்காமல் சொன்னேன். மனு தோற்றால் அவனை இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன்.

"இந்தியாவுல எங்கங்க ஐயா?"

"உன் ஊருக்கு."

"எந்த ஊரு? எங்காத்தா என்னய இடுப்புல வெச்சுக்கிட்டு கப்ப ஏறுச்சு. சேலம் பக்கமுன்னு சொல்லும். அதுக்கு மேல அதுக்கே தெரியாது." சுவரில் சாய்ந்துகொண்டான். "அவள இங்க பொதச்சிருக்கேன். பொதச்சு ஒரு மாசம் ஆவல. நா அங்க போயி யாரப் பாக்கறது?"

அடுத்த வாரம் ஒரு மூத்த அதிகாரி வந்து வீட்டைத் தன் கண்ணால் பார்ப்பார் என்று செய்தி வந்தது. அன்று பாக்கியமும் இன்னும் நாலைந்து பெண்களும் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள்.

"கிராணி ஐயா, வீடு சுத்தமா இருக்கறதுதான குத்தம்?" என்றாள் பாக்கியம். "ஒரு நாளு வுடுங்க. நாங்க அழுக்காக்கித் தந்துர்றோம். எங்க வீட்டுக் கரிச்சட்டி நாலு, கிழிஞ்ச பாயி, என் வீட்டுக்காரரு பனியனு. அந்தப் பனியன் ஒண்ணு போதும், வெள்ளக்காரன் உள்ளயே வரமாட்டான்."

"அடுப்படியில கரி பூச நான் வர்றேன்" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வீட்டைக் காப்பாற்ற அதை அழுக்காக்கவேண்டும் என்ற யோசனையில் இந்த நாட்டின் நிர்வாகம் முழுவதும் அடங்கியிருந்தது. ஆனால் சாட்சியத்தைக் கலைப்பது தனிக்குற்றம், அத்தனை பெண்களையும் சேர்த்துக் கொண்டுபோவார்கள் என்று சொல்லித் தடுத்தேன். பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்தது. லாக்கப்பில் மாரிமுத்துவிடமும் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "வேணாங்கய்யா. காரியம் முடிஞ்ச வீடு. அவளுக்குன்னு செஞ்சது. அதுல போயி கரியப் பூச வேணாம். கப்ப ஏத்தினா ஏத்தட்டும்" என்றான். தன்னை நாட்டைவிட்டுத் துரத்தப்போகும் அந்தச் சுத்தத்தை அவன் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. நான் பஸ் ஏறினேன்.

மிச்சம் இருந்தது சடையன். அவன் பொய் சொன்னது பகையால் அல்ல, பயத்தால். ரேஷன் அரிசியைக் கைமாற்றினால் ஐந்து வருடம் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். லயத்தில் சட்டம் இப்படித்தான் பரவும், யாரோ சொன்னார்கள் என்று. நான் உணவுக் கட்டுப்பாட்டு விதிகளை வரிவரியாகப் படித்தேன். கம்பி வேலிக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். வேலிக்குள்ளேயே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதைப் பற்றி விதி ஒன்றுமே சொல்லவில்லை. எழுதியவர்கள் அப்படி ஒரு பழக்கம் இருக்கும் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். சடையன் வீடும் வேலிக்குள்தான், சலவைத் துறைக்குப் பக்கத்தில். போய் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் சொன்னேன்.

"நெசமாவே புடிக்க மாட்டாங்களாங்கய்யா?"

"நான் கூடவே நிற்கிறேன்."

"நீங்க நிப்பீங்க. தூக்கறப்ப என்னயத்தான தூக்குவான்" என்றான். அதுவும் சரிதான். அப்போது அவன் பெண்சாதி உள்ளேயிருந்து சொன்னாள்: "அஞ்சல சேலயக் கட்டிக்கிட்டு இருக்கேன். அவ புருசன லாக்கப்புல வெச்சிருக்கான். இத நா எப்பிடி ஒடம்புல வெச்சுக்கறது?" சடையன் எழுந்து போய், சலவைச் சவுக்காரம் போட்டு வைத்திருந்த ஒரு டின்னைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு என் முன்னால் வைத்தான். வெள்ளைப் பெயிண்டில் ஒன்பது.

மூத்த அதிகாரி வந்தார். சடையன் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அரிசி எங்கே என்று கேட்டதும், "சோறாக்கித் தின்னாச்சு தொர" என்றான். எங்கள் வழக்கம் எதுவும் அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் நம்பர் புரிந்தது. தோட்டத்துச் சொத்து, தோட்டத்துப் பெயிண்ட், வேலிக்குள் இருக்கிறது. கார்ப்பரல் ஹசான், கேட்காமலேயே, செத்தவர் பொருளைப் பிறருக்குக் கொடுப்பது மலாய்க்காரரிடமும் உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னார். அது உண்மையா, இரக்கமா என்று நான் இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. இளம் அதிகாரி ஒன்பதாம் நம்பர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, பூட்ஸைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

மாரிமுத்து விடுதலையானான். உத்தரவைப் படித்துச் சொல்லும்படி என்னிடம் நீட்டினான். அதில் இம்பெக்கபிள் இல்லை, ஸ்பாட்லெஸ் இல்லை, சாட்டிஸ்ஃபாக்டரிகூட இல்லை. 'இவருக்கு எதிராக எதுவும் தெரியவரவில்லை' என்று இருந்தது. முப்பது வருடம் இந்தச் சொற்களோடு புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், கடல் தாண்டி வந்தவனுக்கு ஒரு சர்க்கார் கொடுக்கக்கூடிய மிக உயர்ந்த சான்று இதுதான். நல்லவன் என்று சொல்ல மாட்டார்கள். கெட்டவன் என்று இதுவரை கண்டுபிடிக்கவில்லை என்பார்கள். இப்போது நானும் குடியுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறேன். அவர்கள் மேசையில் என்னைப் பற்றியும் இந்த வாக்கியம்தான் எழுதப்படும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். ஊருக்குத் திரும்பினால் எனக்கு யார் என்ன எழுதித் தருவார்கள் என்றும் தெரியவில்லை. தம்பியின் பிள்ளைகள் என்னைப் பார்த்ததே இல்லை.

மாரிமுத்துவுக்கு வேறு ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. லயங்களை நெருக்கி வேலி போட்டபோது தோட்டத்து இடுகாடு வேலிக்கு வெளியே போய்விட்டது. அமாவாசைக்கு அவளுக்குச் சோறு படைக்கவேண்டும். சோறு வேலி வாசலைத் தாண்டக்கூடாது. அவன் என்னிடம் விதியில் வழி இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். அதனால் இடுகாட்டுக்கு நேர் எதிரே, கம்பிக்கு இந்தப் பக்கம் இலை போட்டுச் சோறு வைத்தான். காகங்கள் வந்தன. வாய் நிறைய எடுத்துக்கொண்டு கம்பிக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் போயின. காவலுக்கு நின்ற கார்ப்பரல் ஹசான் அதைப் பார்த்துவிட்டுத் தன் கைத்துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார். அடுத்தடுத்த அமாவாசைகளிலும் அப்படித்தான் நடந்தது.

இப்போது எங்கள் பக்கத்தை 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்திருக்கிறார்கள். கம்யூனிஸ்டுகள் இல்லாத இடம் என்று அர்த்தம். ஊரடங்கு போய்விட்டது. அரிசிக்குக் கணக்கு இல்லை, லயத்து வாசல் நாள் முழுதும் திறந்து கிடக்கிறது. போன அமாவாசையன்று நான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மாரிமுத்து குளித்து, இலையில் சோறும் அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு, முதன்முறையாக வாசலைத் தாண்டி இடுகாட்டுக்கு நடந்தான். நானும் கூடப் போனேன். மேட்டின் தலைமாட்டில் இலையை வைத்துவிட்டுக் காகத்தைக் கூப்பிட்டான். வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். திரும்பிப் பார்த்தால், காகங்கள் எல்லாம் முள்கம்பி மேல், வழக்கமான இடத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தன.

மாரிமுத்து கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தான். பிறகு இலையிலிருந்து பாதிச் சோற்றைக் கையில் அள்ளிக்கொண்டு எழுந்தான்.

"அதுங்களுக்கு இன்னும் தெரியலைங்கய்யா, தொறந்துட்டாங்கன்னு" என்று சொல்லிவிட்டு, வேலியைப் பார்த்துத் திரும்பி நடந்தான். மீதிப் பாதி அவள் தலைமாட்டில் இருந்தது. எந்தப் பாதிக்குப் பக்கத்தில் நிற்பது என்று தெரியாமல் நான் நடுவழியில் நின்றுகொண்டிருந்தேன்.